வெளியே நிற்பவர்களுக்கான பக்கம்

எல்லாப் பக்கங்களுக்கும் சேர்த்து ஒரே பூட்டாகப் போடச் சொல்லி உத்தரவு வந்த அன்று, எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அப்போது நலவாசலில் இருநூற்றுப் பதினான்கு பக்கங்கள் இருந்தன. எங்கள் மாவட்டத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். டாக்டரைப் பார்க்க ஒரு பக்கம், ரத்தப் பரிசோதனை முடிவுக்கு ஒரு பக்கம், மாத்திரை வாங்க ஒரு பக்கம். ஒவ்வொன்றையும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் எழுதியிருந்தார்கள். வருகிறவர் யார் என்று கேட்கும் வேலையை ஒவ்வொரு பக்கமும் தானே செய்துகொண்டது. சில பக்கங்கள் கேட்க மறந்திருந்தன. அப்படி ஒரு பக்கத்தின் வழியாக யாரோ நுழைந்து, ஒரு பெண்ணுக்குச் சிறு வயதில் வலிப்பு வந்த விவரத்தைப் படித்துவிட்டார்கள். நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. அவளுடைய அப்பா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. வரவேற்பறை நாற்காலியில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

"இனிமே பக்கம் பக்கமாப் பூட்ட வேண்டாம், ஜெயசீலி," என்றார் எங்கள் குழுத் தலைவர் இசக்கியப்பன். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். "பக்கங்கள மூணு கூட்டமாப் பிரி. வெளிக்கூட்டம், உள்கூட்டம், ஆஸ்பத்திரி ஆளுக கூட்டம். உள்கூட்டத்துல எது இருந்தாலும் வாசல்லயே லாகின் கேட்டுரணும். நாளைக்கு நீ புதுசா ஒரு பக்கம் எழுதி உள்ள போட்டாலும் தன்னால பூட்டு விழணும்."

"அப்ப ஒருத்தரும் மறக்க வழியில்ல."

"அதான் வேணும். மனுசன்னா மறப்பான்லா."

நான்கு நாளில் எழுதி முடித்தேன். எழுதும்போது அந்த அப்பாவை நினைத்துக்கொண்டேன். முடித்ததும் ஆண்டவருக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, பூட்டை நடைமுறைக்குக் கொண்டுவரும் பொத்தானை அழுத்தினேன்.

லாகின் என்றால் எங்கள் ஊரில் இதயத் துடிப்பு. மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை துடிப்பின் வடிவத்தைப் படித்து, இன்னார் என்று சொல்லிவிடும். ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இராது. இதைத் தொடங்கிய அன்று அண்ணாச்சி எங்களிடம் பெருமையாகச் சொன்னார். "பாஸ்வேர்ட மறக்கலாம். கைரேகை பீடி சுத்திச் சுத்தித் தேஞ்சு போகலாம். இருதயத்த வீட்டுல வச்சிட்டு வாரவன் உண்டா?"

"பட்டைய வச்சிட்டு வருவான்லா அண்ணாச்சி," என்றார் ஐயம்பெருமாள்.

ஐயம்பெருமாள் எங்கள் சோதனைக்காரர். நாங்கள் எழுதுவதில் பிழை தேடுவதுதான் அவர் வேலை. மற்றவர்கள் மேசையில் உட்கார்ந்து சோதிப்பார்கள். அவர் முதலில் பட்டையைக் கழற்றி இழுப்பறையில் போடுவார். "உள்ள இருக்கவனுக்கு எல்லாக் கதவும் நல்லாத்தான் தெரியும். வெளிய நின்னு பாக்கணும்," என்பார். நலவாசலில் முதன்முதலாகப் பதிவு செய்துகொண்டது எங்கள் குழுவின் ஆறு பேர்தான். அண்ணாச்சியின் கணக்கு ஒன்று. ஐயம்பெருமாளுடையது மூன்று. என்னுடையது நான்கு. பிறந்த தேதியை அவர் கொண்டாடமாட்டார். ஆனி மாதத்து அனுஷத்தன்று ஒரு தூக்குவாளி நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வருவார். எனக்கு முந்திரி பிடிக்கும் என்று என் பங்கில் மட்டும் நாலைந்து கூட விழும்.

நான் பூட்டுப் போடுவதற்கு ஆறு வாரம் முன்பு, ஆற்றுப் பாலத்தில் அவருடைய பைக்கை ஒரு லாரி தட்டிவிட்டது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஐந்தாம் நாள் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. என் பூட்டை நாங்கள் ஐந்து பேரும் சோதித்தோம். எல்லாம் சரியாக இருந்தது. ஐந்து பேர் கையிலும் பட்டை இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு போன் வந்தது.

"தங்கச்சி, நான் பெரியாஸ்பத்திரி மாத்திரை கவுண்டர்ல இருந்து காஜா முகைதீன் பேசுதேன். நலவாசல் எழுதுறவங்கதான?"

"ஆமா பாய், சொல்லுங்க."

"ஒம்போது ஆபீசுக்குப் பேசிட்டேன், ஒவ்வொருத்தரும் அடுத்தவர் நம்பரத் தாராங்க. உங்க வாசலும் அதத்தான் செய்யுது. இங்க ஒரு அக்கா முந்தாநாள்ல இருந்து வந்து வந்து திரும்புறாங்க. கையக் காட்டுனா, ‘கணக்கு மூடப்பட்டது, உதவிக்கு இங்கே தொடவும்’னு வருது. தொட்டா, ‘முதலில் கையைக் காட்டவும்’னு வருது. காட்டுனா மறுபடி மூடியாச்சுங்குது. வாசலச் சுத்திக்கிட்டே இருக்கோம்."

"நீங்க அவங்க எண்ணப் போட்டுத் திறக்க முடியாதா?"

"முன்னாடி திறப்பேன். போன வாரம் அதையும் பூட்டிட்டியளே. பூட்டுனது சரிதான், நான் குத்தம் சொல்லல. ஆனா இவங்களுக்கு இருதயம் மாத்தி வச்சிருக்கு, தங்கச்சி. கையில ரெண்டு மாத்திரதான் இருக்கு. இன்னைக்கு ராத்திரிக்கு ஒண்ணு, நாளைக் காலையில ஒண்ணு."

ஆஸ்பத்திரி எங்கள் அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. கணினியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கவுண்டருக்கு உள்ளே, மின்விசிறிக்கு நேர் கீழே, காஜா பாயின் ஸ்டூலில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். பாய் நின்றுகொண்டே வேலை பார்த்தார். அந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முகத்தில் துணிக்கவசம். பெயர் சண்முகவடிவு. நகரப் பேருந்தில் கண்டக்டர். புது இதயம் வைத்து ஏழு வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் இருந்தவரை அங்கிருந்தவர்களே மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்குப் போகும்போது கொடுத்தனுப்பியதுதான் இப்போது தீரப் போகிறது.

"நீங்கதான் பூட்டுனதா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. டிக்கெட் எடுக்காதவரிடம் கேட்கும் குரல்.

"ஆமா அக்கா."

"ஒரு தடவ பொழச்சு வந்தேன். உங்க மிஷினு மறுபடி என்னையக் கொன்னுட்டுது பாத்தியளா."

"மாத்திர ஒரு வேள தப்புனா என்ன ஆகும் பாய்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"உடம்பும் உங்க வாசல் மாதிரிதான் தங்கச்சி. உள்ள புதுசா ஒண்ணு வந்துருக்குன்னா, நீ யாருன்னு கேக்கும். நம்ம ஆளு இல்லன்னு தெரிஞ்சா வெளிய தள்ளப் பாக்கும். இந்த மாத்திரதான் உள்ள நின்னு, ‘இவரு நம்மாளுதான், விட்டுரு’ன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. அது சொல்லுறத நிறுத்தப்படாது."

நான் கவுண்டரில் இருந்த திரையில் உதவிப் பக்கத்தைத் தொட்டேன். உடனே திறந்தது. மறுபடி தொட்டேன். மறுபடியும் திறந்தது. பாய் என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத் திறக்கும் தங்கச்சி. உங்க கையில பட்ட இருக்குலா."

ஐயம்பெருமாள் சொல்வதுபோலவே இருந்தது. நான் பட்டையைக் கழற்றிப் பையில் போட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாகக் கழற்றினேன். இப்போது தொட்டேன். ‘முதலில் கையைக் காட்டவும்.’

அப்போதுதான் நான் செய்தது தெரிந்தது. முகவரி மாற்றுவது, பட்டை மாற்றுவது என்று இருந்த பக்கங்களோடு, வாசல் அடையாளம் காணாதவர்களுக்கான உதவிப் பக்கமும் ஒரே அடுக்கில் இருந்தது. நான் அடுக்கை அப்படியே தூக்கி உள்கூட்டத்தில் வைத்துவிட்டேன். உள்ளே வர முடியாதவர்களுக்காக எழுதிய பக்கத்தை, உள்ளே வைத்துப் பூட்டியிருந்தேன்.

"தப்பு என்னோடதுதான் அக்கா," என்றேன். "மன்னிச்சிக்கிடுங்க."

அவர் வேறொன்றைக் கேட்டார். "கணக்க மூடியாச்சுன்னு வருதே. என் கணக்க நான் மூடல. அப்ப அது எனக்கு இருதயம் குடுத்தவங்க கணக்கு. அப்படித்தான?"

பட்டை படித்தது அவர் கைக்குள் ஓடும் துடிப்பைத்தான். அந்தத் துடிப்புக்கு உரிய பெயரை, இறந்தவர் கணக்கு என்று எங்கள் நலவாசல் மூடிவிட்டிருந்தது.

"பேரு வருமா உங்களுக்கு?"

"எனக்கு வந்தாலும் சொல்லக் கூடாதுக்கா. சட்டம்."

"தெரியும். ஆஸ்பத்திரியிலயும் அதான் சொன்னாவ. நான் தொந்தரவு பண்ண மாட்டேன்." அவர் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டார். "மாசா மாசம் அம்மன் கோயில்ல அவங்க பேருக்கு ஒரு அர்ச்சன பண்ணணும்னு நெனச்சேன். பேரும் நட்சத்திரமும் கேட்டாரு பட்டர். தெரியாது, எறந்து போனவங்கன்னேன். எறந்தவங்க பேருக்கு அர்ச்சன பண்ணுறது இல்லம்மான்னாரு. ‘சாமி, அவங்க இருதயம் எனக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு, எப்படி எறந்தவங்கன்னு சொல்லுவிய’ன்னேன். பெறகு சாமி பேருக்கே பண்ணிக் குடுத்தாரு. பேரு தெரியாதவங்களுக்கு அதான் வழியாம்."

நான் வெளியே வராந்தாவுக்கு வந்து அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பக்கத்தையும் வெளிக்கூட்டத்துக்கு எடுக்க முடியாது.

"வெளிய எடுக்கவா?" என்றார். "எடுத்த மறுநாள் எவனாவது அது வழியாப் பூந்தான்னா? அந்தப் பிள்ளையோட அப்பாவ மறந்துட்டியா?"

"மறக்கல அண்ணாச்சி. அந்தப் பக்கத்துல படிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. உதவி கேக்குறதுக்குத்தான் இடம் இருக்கு."

"வியாழக்கிழமை கமிட்டி கூடுது. அதுல வச்சு..."

"வியாழன் காலை வரைக்கும் அவங்களுக்கு ஆறு மாத்திர வேணும். ரெண்டுதான் இருக்கு."

"அந்தப் பக்கத்த யாரு எழுதுனது?" என்றார்.

"நம்ம ஐயம்பெருமாள்தான். சோதனைக்காரன் பக்கம் எழுதக் கூடாதுன்னு நீங்க சண்ட போட்டியளே, அந்தப் பக்கம்."

"எடு," என்றார். "கையெழுத்த நான் போடுதேன். கமிட்டி கேட்டா நான் பாத்துக்கிடுதேன்."

ஒரே ஒரு வரியை மாற்றினேன். அந்தப் பக்கம் வெளியே வந்தது. கவுண்டருக்குத் திரும்பி, கையில் பட்டை இல்லாமலே திரையைத் தொட்டேன். ஐயம்பெருமாளின் எழுத்து வந்தது.

‘வாசல் உங்களைத் தெரிந்துகொள்ளவில்லையா? வருத்தப்படாதீர்கள், தவறு உங்களுடையது இல்லை. உங்களைத் தெரிந்த இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். சொந்தக்காரர்கள் வேண்டாம். அவர்கள் தங்கள் கையைக் காட்டி உங்கள் பெயரைச் சொன்னால் போதும். உங்களுக்குப் புதுக் கணக்கு திறக்கும்.’

இப்படி எழுத வேண்டாம், அரசாங்கப் பக்கம் மாதிரி இல்லை என்று அன்று நானும்தான் சொன்னேன். "மிஷினுக்குத் தெரியலன்னா என்ன, மனுசனுக்குத் தெரியும்லா," என்று சிரித்தார் அவர்.

"ரெண்டு பேருக்கு எங்க போக?" என்றார் சண்முகவடிவு. "எங்க வீட்டுக்காரரு சொந்தக்காரராச்சே."

காஜா பாய் கவுண்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். வெளியே இருபது பேர் வரிசையில் நின்றார்கள். "இந்த அக்காவ யாருக்காவது தெரியுமா? தெரிஞ்சவங்க ரெண்டு பேரு வேணும்," என்று கேட்டார். "அக்கா, முகத்துல உள்ளதக் கொஞ்சம் எறக்குங்க, ஒரு நிமிசம்."

கவசத்தை இறக்கியதும் வரிசை கலைந்துவிட்டது.

"ஏழாம் நம்பர் வண்டி கண்டக்டரு அக்காலா," என்றது ஒரு குரல். "ஆள் பாதியாயிட்டியளே," என்றது இன்னொன்று. முழங்கையில் கட்டுப் போட்ட ஒருவர் முன்னால் வந்தார்.

"எனக்குத் தெரியும். படியில நின்னதுக்கு என்னைய நடு ரோட்டுல எறக்கி விட்டது இவங்கதான்."

"எறக்கி விட்டது சரிதான?" என்றார் சண்முகவடிவு.

"நான் தப்புன்னு சொன்னேனா?"

"பேரு சொல்லணும்," என்றேன். "கண்டக்டரு அக்கான்னு சொன்னா மிஷினுக்குப் போதாது."

வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தினமும் பார்க்கிற முகம். பெயர் யாருக்கும் வரவில்லை. கட்டுப் போட்டவர் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"சண்முகவடிவு. அன்னைக்கே சட்டையில இருந்த பேட்ஜப் பாத்து எழுதி வச்சிட்டேன். புகார் குடுக்கதுக்கு."

"குடுத்தியளா?"

"இல்ல. மறுநாள் மழையில ஸ்டாப்பிங் தாண்டி ஓடிக்கிட்டு இருந்தேன். நீங்க விசில் அடிச்சு வண்டிய நிறுத்தி ஏத்திக்கிட்டிய. அதோட விட்டுட்டேன்." அவர் கட்டில்லாத கையைத் திரையில் காட்டினார். ‘ஒருவர் சொல்லியிருக்கிறார். இன்னும் ஒருவர்’ என்று வந்தது.

வரிசையின் கடைசியில் நின்ற ஒரு நர்சிங் மாணவி ஓடி வந்தாள். "எனக்கும் பேரு தெரியும். பரீட்சையன்னைக்கு எனக்காக ரெண்டு நிமிசம் வண்டிய நிறுத்தி வச்சாங்க. பேரக் கேட்டு, ஜெபத்துல சொல்லுவேன். இப்ப வண்டியில காணலன்னதும் மாத்தலாயிட்டாங்கன்னு நெனச்சேன்." கையைக் காட்டிப் பெயரைச் சொன்னாள்.

திரையில் ‘வணக்கம், சண்முகவடிவு’ என்று வந்தது. கீழே மாத்திரைப் பெட்டியின் பூட்டு டக்கென்று விட்டது.

ஆனாலும் வரிசையில் இருந்தவர்கள் நிறுத்தவில்லை. இப்போது பெயர் தெரிந்துவிட்டதால் ஒவ்வொருவராக வந்து கையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். போதும், போதும் என்றேன். ஒரு வாழைக்காய் வியாபாரி, "இருக்கட்டும்மா, பலமா இருக்கும்," என்றார். காஜா பாயும் கையைக் காட்டினார். "எனக்கு மூணு நாளாத்தான் தெரியும். ஆனா தெரியும்." மொத்தம் பதினொரு பேர்.

ஒரு மாத மாத்திரையை மடியில் வைத்துக்கொண்டு சண்முகவடிவு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "தங்கச்சி, வருத்தப்படாதிய, தப்பு உங்க மேல இல்லன்னு அதுல எழுதியிருந்துச்சே. ரெண்டு நாளா எங்கிட்ட யாரும் அப்படிச் சொல்லல. எழுதுனது யாரு?"

"எங்க ஆபீசுல ஒருத்தரு."

"இவங்க பேரச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் இல்லைல்லா? பேரும் நட்சத்திரமும் கேட்டுச் சொல்லுங்க. இவங்களுக்காவது பேரு சொல்லிப் பண்ணுதேன்." தன் போன் எண்ணை மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பினேன். அன்று நடந்ததைப் பதிவில் சரிபார்த்து மூடுவது என் வேலை. புதுக் கணக்கு திறக்கும்போது, அந்தத் துடிப்பு முன்பு எந்தக் கணக்கில் இருந்தது என்பதை நலவாசல் ஒரு வரியில் குறித்துவைக்கும். எங்கள் குழுவைத் தவிர யாரும் அதைப் பார்க்க முடியாது. நான் அதைத் தேடிப் போகவில்லை. வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தபோது கண்ணில் பட்டது.

‘துடிப்பு மாற்றப்பட்டது. பழைய கணக்கு எண்: 3.’

அது ஐயம்பெருமாளின் எண். எதிரே அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. அவர் இருந்திருந்தால் என் பூட்டை முதல் நாளே கையில் பட்டை இல்லாமல் வந்து தட்டியிருப்பார். திறக்கவில்லை என்று சொல்லியிருப்பார். ஒரு வாரம் பிந்தி வந்தார். வந்து, அதையேதான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பதிவைச் சரிபார்த்ததாகக் குறித்து மூடினேன். அண்ணாச்சியிடமும் சொல்லவில்லை. தலையைக் கவிழ்த்து, ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஐயம்பெருமாளின் வீட்டார் அவர் இதயத்தைக் கொடுக்க எடுத்த முடிவுக்காக. ஸ்டூலை விட்டுக் கொடுத்து, ஒன்பது அலுவலகத்துக்குப் பேசின பிறகும் பத்தாவதாக எங்களுக்குப் பேசின பாய்க்காக. கடைசி மாத்திரை தீருமுன் என் தப்பு எனக்குத் தெரிந்ததற்காக. பிறகு மாத்திரைச் சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

"எழுதிக்கிடுங்க அக்கா. பேரு ஐயம்பெருமாள். நட்சத்திரம் அனுஷம்."

"அய்யம்பெருமாள். அனுஷம்." அவர் சொல்லிச் சொல்லி எழுதுவது கேட்டது. "நல்லது தங்கச்சி. இனி மாசம் ரெண்டு அர்ச்சனச் சீட்டு. சாமி பேருக்கு ஒண்ணு, இவங்க பேருக்கு ஒண்ணு. ஆமா, பட்டர் கேப்பாரு, அதனால கேக்கேன். இவங்க இருக்காங்கள்லா? நல்லா இருக்காங்களா?"

நான் கையில் இருந்த பட்டையைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். நாளை முதல் சோதனையை நான்தான் செய்ய வேண்டும்.

"இருக்காருக்கா," என்றேன். "நல்லா இருக்காரு."

பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. அன்றும் சொல்லவில்லை.